பாண்டியில் ஓட்டு கட்சிக்கா, ஆளுக்கா?

சில்வர்பீச்_சீனு:

எனக்குச் சொந்த ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். வேலைக்காகக் குடும்பத்தோடு கதிர்காமம் பக்கம் குடிவந்திருக்கிறேன். இந்த ஊர் அரசியல் எனக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. கடலூரில் எம்.எல்.ஏ.வை போஸ்டரில் பார்ப்போம், கும்பாபிஷேகத்தில் பார்ப்போம், அவ்வளவுதான். இங்கே சாக்கடை அடைத்தாலும் எம்.எல்.ஏ., பையனுக்கு காலேஜ் சீட் என்றாலும் எம்.எல்.ஏ., பேத்திக்குக் காதுகுத்து என்றாலும் எம்.எல்.ஏ. பக்கத்து வீட்டு அம்மா தன் தொகுதிக்காரரை "நம்ம தம்பி" என்கிறார். எந்தக் கட்சி என்று கேட்டால், "இப்போ எதுல இருக்காருன்னு தெரியலையேப்பா" என்கிறார்!

ரங்கசாமி காங்கிரஸை விட்டு வந்து, தனிக்கட்சி ஆரம்பித்து, மூன்று மாதம் சொச்சத்தில் முதல்வராகிவிட்டார் என்று சொல்கிறார்கள். 2021-ல் 30 தொகுதியில் 6 சுயேச்சைகள் ஜெயித்திருக்கிறார்கள், அதே தேர்தலில் தமிழ்நாட்டில் 234-ல் ஒரு சுயேச்சைகூட இல்லை. இன்னொன்று, தொகுதி 30 என்கிறார்கள், சட்டசபையில் 33 பேர் என்கிறார்கள், அந்த மூன்று பேருக்கு யார் ஓட்டுப் போட்டது? கட்சிச் சண்டை வேண்டாம். ஒருவர் இங்கே எப்படி எம்.எல்.ஏ. ஆகிறார், ஆனபிறகு எப்படி நிலைக்கிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உழவர்கரை_ரவி:

கணக்கைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். 2021-ல் தமிழ்நாட்டில் வாக்காளர்கள் சுமார் 6.28 கோடி, தொகுதி 234, அதாவது தொகுதிக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல். பாண்டியில் காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்தே 10 லட்சம் சொச்சம், அதை 30-ஆல் வகுத்தால் தொகுதிக்கு 33 ஆயிரம், சில இடங்களில் அதுவும் இல்லை. நாலு பேர் கொஞ்சம் பலமாக நின்றால் 10, 12 ஆயிரம் ஓட்டில் ஒருவர் உள்ளே போய்விடலாம். இந்த அளவு ஓட்டைச் சின்னம் இல்லாமலே ஒரு மனிதர் சேர்த்துவிட முடியும், பத்து வருஷம் கல்யாணம், கருமாதி, மஞ்சள் நீராட்டு ஒன்று விடாமல் போய்த் தலைகாட்டினால். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டரை லட்சம் பேரிடம் அது முடியாது, அங்கே கட்சியும் சின்னமும்தான் வேலை செய்யும். சுயேச்சை ஜெயிப்பதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை சீனு, சீட் கிடைக்காத செல்வாக்குள்ள ஆள் தனியாக நிற்கிறார், அவருக்கு என்று இருந்த ஓட்டு அவரோடு போகிறது.

மீதிப் பாதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. இங்கே கவுன்சிலர் என்று ஒரு ஜென்மமே கிடையாது. உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல், அதற்கு முந்தியது 1968-ல், நடுவில் 38 வருஷம். 2006-ல் வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது, அப்புறம் 5 நகராட்சியையும் 10 கொம்யூன் பஞ்சாயத்தையும் அதிகாரிகளை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2021-ல் தேதிவரை அறிவித்துவிட்டு, இட ஒதுக்கீட்டுப் பிரச்சினை கோர்ட்டுக்குப் போய் அப்படியே நின்றது. ஆக, கடலூரில் வார்டு கவுன்சிலர் வாங்கும் திட்டு முழுக்க இங்கே எம்.எல்.ஏ. வாங்குகிறார். தெருவிளக்கு, குடிதண்ணீர், முதியோர் பென்ஷன், ரேஷனில் சிவப்பு கார்டு மஞ்சள் கார்டு மாற்றுவது, எல்லாவற்றுக்கும் அவர் வீட்டு வாசல்தான்.

இது அவர்களுக்குப் பாரம் என்று பாவப்படாதீர்கள். கவுன்சிலர் என்று ஒருவர் வந்து, தெருவில் நாலு வேலை செய்து பெயர் வாங்கினால், அடுத்த சட்டசபைத் தேர்தலில் எதிரே நிற்கப் போகிறவர் அவராகத்தான் இருப்பார். இது எனக்கே தெரியும்போது அவர்களுக்குத் தெரியாதா. உள்ளாட்சித் தேர்தலுக்கு இங்கே எந்தக் கட்சியும் ரொம்ப அவசரப்படாததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பழைய_ஏஜென்ட்:

ரவி சொன்ன கணக்கு சரிதான், ஆனால் அந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதானே. அதில் ரங்கசாமி மட்டும் எப்படி இத்தனை வருஷம் என்பதை நான் சொல்கிறேன். தட்டாஞ்சாவடியில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவன் நான், எந்தக் கட்சிக்கு என்பது இங்கே வேண்டாம்.

வக்கீலுக்குப் படித்தவர், காமராஜர் பக்தர், முதல் தேர்தலில் தோற்றவர். இதை இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை. 1990-ல் காங்கிரஸ் வேட்பாளராகத் தட்டாஞ்சாவடியில் நின்று ஜனதா தளத்தின் பெத்தபெருமாளிடம் தோற்றார். அவருடைய நல்ல நேரம், அந்தச் சட்டசபை ஒரு வருஷம்தான் தாங்கியது. 1991-ல் மறுபடி தேர்தல், அதே தொகுதி, அதே எதிராளி, இந்தத் தடவை இவர் ஜெயித்தார். அஞ்சு வருஷம் காத்திருக்க வேண்டி வந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ. அப்புறம் 1996, 2001, 2006 என்று அங்கேயே வரிசையாக ஜெயித்தார்.

முதல்வர் ஆனதும் நேர்வழியில் இல்லை. 2001 தேர்தல் முடிந்ததும் காங்கிரஸில் ப. சண்முகம்தான் முதல்வர், ஆனால் அவர் எம்.எல்.ஏ. கிடையாது. ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு தொகுதியில் ஜெயித்து உள்ளே வந்தாக வேண்டும், அது நடக்கவில்லை, அக்டோபரில் விலகினார். அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்தான் ரங்கசாமி. 2006-ல் திரும்பவும் முதல்வர். 2008-ல் சொந்தக் கட்சி அமைச்சர்களே டெல்லிக்குப் போய் இவர் வேண்டாம் என்றார்கள், மேலிடம் இறக்கிவிட்டு வைத்திலிங்கத்தைக் கொண்டுவந்தது. இறக்கிவிட்டதுதான் காங்கிரஸ் செய்த பெரிய உபகாரம். ஊரில் தாய்மார்கள் "பாவம், அந்த மனுஷனைத் தூக்கிட்டாங்களே" என்று பேசிப் பேசியே ரெண்டரை வருஷம் அவருக்குப் பிரசாரம் செய்துவிட்டார்கள்.

2011 பிப்ரவரியில் கட்சி. பெயரில் என்.ஆர்., விரித்தால் நமது ராஜ்ஜியம், ஆனால் ஊருக்கு அது என். ரங்கசாமிதான், சின்னம் ஜக்கு. அதிமுகவோடு கூட்டணி வைத்து 17 இடத்தில் நின்று 15 ஜெயித்தார். கதிர்காமம், இந்திரா நகர் இரண்டிலும் அவரே நின்று இரண்டிலும் ஜெயித்தார், கதிர்காமத்தை வைத்துக்கொண்டார். சரி, இனி அதிமுகவுக்கு மந்திரி பதவி தருவார் என்று பார்த்தால், ஒரு சுயேச்சையின் ஆதரவை வாங்கி 16 ஆக்கிக்கொண்டு தனியாகவே பதவி ஏற்றுவிட்டார். ஜெயலலிதாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அமைதியான மனுஷர் என்று எல்லோரும் சொல்வார்கள், சாமியார் பக்தி, பைக், டென்னிஸ் என்று எழுதுவார்கள். 2011 மே மாதத்தைப் பார்த்தவர்கள் அந்த அமைதியை வேறு மாதிரி புரிந்துகொண்டோம்.

பைக்கால் ஓட்டு விழவில்லை, தம்பி. பள்ளிக்கூடத்தில் காலையில் பால் கொடுத்தது, சென்டாக் (காலேஜ் சீட் ஒதுக்கும் அரசு அமைப்பு) மூலம் சேர்ந்த பிள்ளைகளுக்குக் காமராஜர் பெயரில் கட்டணம் கட்டியது, இதுதான் ஓட்டு. அரசு கட்டிய பணத்தில் படித்த முதல் இன்ஜினீயர் எத்தனை வீட்டில் இருக்கிறான் என்று தட்டாஞ்சாவடி பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். இன்னொன்று, அவரைப் பார்க்க இடைத்தரகர் தேவையில்லை. காலையில் போய் நின்றால் பார்த்துவிடலாம், வேலை நடக்கிறதா என்பது வேறு விஷயம்.

இந்தச் செல்வாக்கு எல்லா ஊரிலும் செல்லாது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2016-ல் இவர் இந்திரா நகரில் ஜெயித்தார், கட்சிக்கு 8 இடம்தான், காங்கிரஸ் 15. 2021-ல் தட்டாஞ்சாவடியோடு ஏனாமிலும் நின்றார். ஏனாம் 800 கிலோமீட்டர் தள்ளி, ஆந்திராவுக்குள், தெலுங்கு பேசும் ஊர். அங்கே 25 வருஷமாக எம்.எல்.ஏ.வாக இருந்த மல்லாடி கிருஷ்ணா ராவே இவருக்கு ஆதரவு. ஆனாலும் கொல்லப்பள்ளி சீனிவாஸ் அசோக் என்ற சுயேச்சையிடம் 655 ஓட்டில் தோற்றார். தட்டாஞ்சாவடியில் ஜெயித்திருந்ததால் முதல்வர் பதவிக்குச் சிக்கல் இல்லை.

கீழூர்_பக்கம்:

கவுன்சிலர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இந்த ஊர் இந்தியாவோடு சேர்ந்ததே உள்ளாட்சி ஆட்கள் போட்ட ஓட்டால்தான். 1954 அக்டோபர் 18, கீழூர். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி கவுன்சிலர்களுமாக 178 பேர் கூடினார்கள், 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் நகராட்சியை இன்னும் மேரி என்றுதான் சொல்வார்கள், பெரிய பதவி என்றால் அவர்களுக்கு மேர், அதாவது மேயர்தான். பீச் ரோட்டுக்குப் பெயர் கொடுத்த குபேரும் மேராக இருந்தவர்தான், பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர், 1963-ல் முதலமைச்சர் ஆனவர். அந்த வழியில் மேலே வந்த தலைவர்கள் இருந்த ஊரில் இப்போது அந்தப் படிக்கட்டே இல்லை. அதனால்தான் இன்றைக்கு எம்.எல்.ஏ. ஆகிறவர்கள் பணத்தோடு வருகிறார்கள், அல்லது அப்பா பெயரோடு வருகிறார்கள்.

லாஸ்பேட்டை_அக்கா:

பழைய ஏஜென்ட் அண்ணன் சுவாரஸ்யமாக எழுதியிருக்கிறார், ஆனால் எல்லோரும் "வாசலில் போய் நின்றால் பார்க்கலாம்" என்பதைப் பெருமையாகச் சொல்வதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. வாசலில் போய் நிற்பது யார், பெண்கள். கையில் ரேஷன் கார்டு, மனு, ஆதார் ஜெராக்ஸ். உரிமையாகக் கிடைக்க வேண்டிய பென்ஷனுக்கு ஒருவரைத் தம்பி என்று கூப்பிட்டு நிற்க வேண்டியிருக்கிறது, மனுவில் அவர் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து போன தேர்தலில் யாருக்கு வேலை செய்தோம் என்பதைப் பொறுத்து வேகமாகவும் வரும், மெதுவாகவும் வரும். தொகுதி சின்னது என்றால் அவருக்கும் நம்மைத் தெரியும் என்று அர்த்தம், அதை யோசித்தீர்களா?

வாசலில் இத்தனை பெண்கள் நிற்கிறோமே, உள்ளே எத்தனை பேர்? 2021-ல் ஜெயித்த 30 பேரில் பெண் ஒரே ஒருவர், நெடுங்காடு தனித்தொகுதியில் சந்திர பிரியங்கா. அவரும் முன்னாள் அமைச்சர் சந்திரகாசுவின் மகள், கீழூர்க்காரர் சொன்ன அப்பா பெயர். அமைச்சராகவும் ஆனார், 1980-ல் ரேணுகா அப்பாதுரைக்குப் பிறகு 41 வருஷம் கழித்து ஒரு பெண் அமைச்சர். 2023 அக்டோபரில் சாதியும் பெண் என்பதும் காரணமாகத் தாக்கப்படுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார். அதற்கு முன்பே அவரை நீக்கப் பரிந்துரை போய்விட்டது என்று ஆட்சியில் இருந்தவர்கள் சொன்னார்கள். எது முந்தியது என்று டி.வி.யில் நாள் முழுக்க விவாதம், அவர் என்ன எழுதினார் என்பதைப் பேச ஆளில்லை.

சில்வர்பீச்_சீனு:

அக்கா சொல்வது எங்கள் வீட்டுக்காரியும் சொன்னதுதான், நான் காதில் வாங்கவில்லை. ரவி அண்ணா, கவுன்சிலர் இல்லை என்பது எனக்கு நிஜமாகவே தெரியாது, இவ்வளவு நாள் என் வார்டு எது என்று தேடிக்கொண்டிருந்தேன். சரி, அந்த மூன்று பேர்?

சட்டம்_பாதி_தெரிந்தவன்:

அந்த மூன்று பேரை மத்திய அரசு நியமிக்கிறது. 1963-ஆம் வருஷத்து யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தில் அப்படி இடம் இருக்கிறது. முன்பெல்லாம் இங்கே ஆளும் கட்சி சொல்லும் பெயரை டெல்லி போட்டுவிடும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2017-ல் காங்கிரஸின் நாராயணசாமி ஆட்சி இருக்கும்போது, அவர்களைக் கேட்காமலே பாஜகவைச் சேர்ந்த மூன்று பேரை நியமித்தார்கள், அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். காங்கிரஸ் எம்.எல்.ஏ. லட்சுமிநாராயணன் வழக்குப் போட்டார். 2018-ல் முதலில் சென்னை ஐகோர்ட், டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், இரண்டும் நியமனம் செல்லும் என்றன. நியமன உறுப்பினர் பட்ஜெட்டுக்கும் ஓட்டுப் போடலாம், நம்பிக்கை வாக்கெடுப்பிலும் போடலாம்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2021 பிப்ரவரியில் தெரிந்தது. காங்கிரஸ், திமுக எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக ராஜினாமா செய்து, கடைசியில் ஆளும் பக்கம் 12 பேர், எதிர்ப்பக்கம் 14 பேர். அந்த 14-ல் 3 பேர் நியமனம். அவர்களைக் கழித்துப் பாருங்கள், 12-க்கு 11. பிப்ரவரி 22-ல் நாராயணசாமி அரசு போனது. அப்போது ராஜினாமா செய்தவர்களில் வழக்குப் போட்ட அதே லட்சுமிநாராயணனும் ஒருவர், அப்புறம் என்.ஆர். காங்கிரஸில் ஜெயித்து பாஜகவோடு சேர்ந்த மந்திரிசபையில் பொதுப்பணித்துறை அமைச்சரானார். சீனு சார், உங்கள் பக்கத்து வீட்டு அம்மா கட்சி தெரியவில்லை என்றதில் தப்பே இல்லை.

பழைய ஏஜென்ட் சொன்ன ஆறு மாதக் கெடு நாராயணசாமிக்கும் வந்தது. 2016-ல் அவர் தேர்தலில் நிற்காமலே முதல்வர் ஆனார். நெல்லித்தோப்பில் ஜெயித்திருந்த ஜான்குமார் ராஜினாமா செய்து இடம் கொடுத்தார், நவம்பர் இடைத்தேர்தலில் நாராயணசாமி ஜெயித்தார். வைத்திலிங்கம் எம்.பி. ஆகி காமராஜ் நகர் காலியானதும் 2019 இடைத்தேர்தலில் அது ஜான்குமாருக்கு. 2021-ல் ஜான்குமார் பாஜக, காமராஜ் நகரில் அவர், நெல்லித்தோப்பில் அவர் மகன், இரண்டு பேரும் ஜெயித்தார்கள். விட்டுக்கொடுத்த தொகுதி மகன் வழியாக வீட்டுக்கே திரும்பியது. பாண்டியில் ஒரு எம்.எல்.ஏ.வின் வாழ்க்கை எப்படிப் போகும் என்று கேட்டால் நான் ரங்கசாமியைக் காட்டிலும் இதைத்தான் காட்டுவேன், ரங்கசாமி ஒருவர்தான், இந்த மாதிரி நிறையப் பேர்.

நெய்வேலி_பாலா:

கடலூர் மாவட்டத்தை ஏதோ ஆள் செல்வாக்கே செல்லாத இடம் மாதிரி பேசுகிறீர்கள். 2006-ல் விருத்தாசலத்தில் என்ன நடந்தது? தேமுதிகவில் ஜெயித்த ஒரே ஆள் விஜயகாந்த், பாமகவின் கோட்டை என்று சொன்ன இடத்தில் தனியாக நின்று ஜெயித்தார். பண்ருட்டியில் வேல்முருகன் பாமகவில் இருந்தபோதும் ஜெயித்தார், வெளியே வந்து தனிக்கட்சி வைத்து 2021-ல் உதயசூரியனில் நின்றும் ஜெயித்தார். அப்புறம் ஓட்டு வித்தியாசம், 2016-ல் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் முருகுமாறனிடம் தோற்றது 87 ஓட்டில். பெரிய தொகுதி என்றால் ஒவ்வொரு ஓட்டுக்கும் மதிப்பில்லை என்று யார் சொன்னது.

உழவர்கரை_ரவி:

பாலா, விஜயகாந்த் சினிமா முகம், அவரைத் தெருத்தெருவாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேல்முருகனுக்கும் உதயசூரியன் தேவைப்பட்டது, பார்த்தீர்களா? எங்கள் ஊர் சுயேச்சைகளுக்கு ஊருக்கு வெளியே பெயர்கூடத் தெரியாது, அதுதான் வித்தியாசம். 87 ஓட்டு விஷயம் வேறு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

சீனு, உங்களுக்கு நேரம் இருந்தால் பேச்சைக் கேட்பதைவிட ஒரு வேலை செய்யுங்கள். தேர்தல் ஆணைய இணையதளத்தில் படிவம் 20 என்று இருக்கும், ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். உங்கள் தொகுதியின் இரண்டு தேர்தலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே ஆள் கட்சி மாறியும் அதே பூத்தில் அதே மாதிரி வாங்கியிருந்தால் அது அவருடைய சொந்த ஓட்டு. வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26-ம் அங்கேயே கிடைக்கும், சொத்து, கடன், வழக்கு எல்லாம் அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டது. முந்தின தேர்தல் படிவத்தையும் சேர்த்துப் படியுங்கள். அப்புறம் வோட்டர் ஐடியை கடலூரிலிருந்து மாற்றிவிட்டீர்களா இல்லையா? படிவம் 8 போட்டால் போதும், வீட்டுக்கு பூத் அதிகாரி வந்து பார்ப்பார். மாற்றவில்லை என்று தெரிந்தால் பக்கத்து வீட்டு அம்மாவே உங்களை எம்.எல்.ஏ. வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார், ஜாக்கிரதை.